காற்றுக் குழாய் வேறு, நீர்க் குழாய் வேறு

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. திறந்த வெளியில் தன் போக்கில் வீசும் காற்றுக்கே இத்தனை வலிமை உண்டென்றால், அதே காற்றை எட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கி, இரும்புக் கலத்தில் அடைத்து வைத்தால் அதன் வலிமை எத்தகையதாகும் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குடியானவர் பலர் இன்று தம் தோட்டத்து மோட்டார்க் கொட்டகையிலேயே அத்தகைய காற்றை வைத்து வேலை வாங்குகின்றனர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரேற்றும் கம்ப்ரசரைத்தான் இங்கே குறிப்பிடுகிறோம்.

நீரைக் கையாளும் முறை நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அமுக்கப்பட்ட காற்றோ நம் கிராமங்களுக்கு அண்மையில் வந்து சேர்ந்த விருந்தாளி. அதன் குணத்தை அறியாமல், நீருக்கு இட்ட குழாயையே காற்றுக்கும் இடுகிறோம். நீருக்குப் போட்ட கட்டையே காற்றுக்கும் போடுகிறோம். ஆபத்து தொடங்குமிடம் இதுவே.

பாறை நிலத்தில் காற்றின் பணி

பச்சைமலையின் அடிவாரம் தொடங்கிப் பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதி கடினப் பாறை நிலமாகும். கிழக்கே அரியலூரை நோக்கிச் செல்லச் செல்ல, பண்டைக் காலத்தில் கடல் மூடியிருந்த படிவு நிலமும் சுண்ணாம்புக் கல்லும் தென்படும். சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் அக்காலத்துக்குச் சான்று.

பாறை நிலத்தில் நீர் பாறையின் வெடிப்புகளில் மட்டுமே தங்குகிறது. ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஊற்று குறைவு. சிறிது நேரம் இறைத்தால் நீர் வற்றும், மீண்டும் ஊறும். இத்தகைய கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினால், நீர் வற்றியதும் அது வெறுமனே ஓடிக் கருகிப் போகக்கூடும். கம்ப்ரசர் முறையில் கிணற்றுக்குள் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. காற்றுக் குழாய் ஒன்றும் நீரேறும் குழாய் ஒன்றுமே உள்ளே இறங்குகின்றன. நீர் வற்றினாலும், மணல் வந்தாலும் கிணற்றுக்குள் கெடுவதற்கு ஒன்றுமில்லை. இதனாலேயே, மின்சாரம் கூடுதலாகச் செலவானபோதிலும், இம்முறையை நம் விவசாயிகள் விரும்பி ஏற்றனர்.

இதன் தத்துவம் எளிது. பால் கொதிக்கும்போது குமிழிகள் நிறைந்து பொங்கி மேலெழுவதை நாம் அறிவோம். அதுபோலவே, குழாயின் அடியில் காற்றைச் செலுத்தினால், நீரும் குமிழியும் கலந்து இலேசாகின்றன. சுற்றிலும் நிற்கும் கனத்த நீர் அந்தக் கலவையை மேலே தள்ளுகிறது. ஜெர்மானிய சுரங்கப் பொறியாளரான கார்ல் லோஷர் 1797ஆம் ஆண்டில் இம்முறையை வகுத்தார். அமுக்கிய காற்றால் பாறையைத் துளைக்கும் முறையும் பழமையானதே. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1871ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மான்ட் செனிஸ் ரயில் சுரங்கப்பாதையில் பாறையைத் துளைத்தவை காற்றால் இயங்கிய கருவிகளே. நம் ஊர்க் கிணறுகளை ஆழப்படுத்த, டிராக்டரில் பூட்டிய கம்ப்ரசருடன் வரும் ஜாக்ஹாமர் அக்கருவிகளின் வழித்தோன்றலாகும்.

கம்ப்ரசர் கொட்டகைக்கு வந்தபின் அதன் வேலை நீரேற்றுவதோடு நிற்பதில்லை. டிராக்டர் டயருக்குக் காற்றடிக்க, காற்று வடிகட்டியின் தூசியை ஊத, ஏர்க் கலப்பைக்குச் சாயம் தெளிக்க, மக்காச்சோளம் அடித்த இயந்திரத்தைத் துப்புரவாக்க என்று ஒவ்வொன்றாகக் கூடி, மோட்டார்க் கொட்டகை ஒரு சிறு பட்டறையாகவே மாறிவிடுகிறது.

அரியலூர்ப் பகுதிச் சிமெண்ட் ஆலைகளிலும் அமுக்கிய காற்று பயன்படுகிறது. ஆனால் அங்கே அதற்கெனப் பயிற்சி பெற்றோர் இருக்கின்றனர். அழுத்தத்தில் இயங்கும் சாதனங்கள் பாதுகாப்பான அளவை மீறாதிருக்க ஏற்பாடு செய்தல் வேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு விதித்தது. தோட்டத்துக் கொட்டகைக்கு எந்த ஆய்வாளரும் வருவதில்லை. எனவே அங்கே விவசாயியே முதலாளி, அவரே தொழிலாளி, அவரே ஆய்வாளர்.

நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேற்றுமை

அழுத்தமானியின் முள் 7 கிலோவில் நிற்கிறதென்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் 7 கிலோ பாரம் அழுத்துகிறது என்று பொருள். பவுண்டுக் கணக்கில் இது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 பவுண்டு. 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கலத்தின் பக்க மூடியின் பரப்பு ஏறத்தாழ 1,250 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் அந்த மூடியை உள்ளிருந்து தள்ளும் பாரம் எட்டே முக்கால் டன். அதைத் தாங்கி நிற்பது சுற்றிலுமுள்ள பற்றவைப்பு ஒன்றே.

இதே அழுத்தத்தில் நீர் இருந்தாலும் மூடியின் மேல் விழும் பாரம் இதுவேதான். அவ்வாறாயின் வேற்றுமை எங்கே? உடையும் கணத்தில்தான். நீர் பெரும்பாலும் அமுங்குவதில்லை. நீர் நிறைந்து அடைபட்ட கலத்தில் விரிசல் கண்டால், சிறிது நீர் பீறிட்டவுடன் அழுத்தம் வீழ்ந்துவிடும். காற்றோ அழுத்திப் பிடித்த வில்லைப் போன்றது. வழி கிடைத்த கணத்தில் தன் பழைய இடத்தைத் தேடி அத்தனையும் ஒருசேர விரியும். 200 லிட்டர் கலத்தில் 7 கிலோ அழுத்தத்தில் அடைபட்ட காற்றின் ஆற்றல், ஒரு டன் பாரத்தைப் பத்து மீட்டருக்கு மேல் தூக்க வல்லது. அந்த ஆற்றல் முழுவதும் கண் இமைக்கும் நேரத்தில் வெளிப்படுவதையே வெடிப்பு என்கிறோம்.

பி.வி.சி. குழாய் கூடாது

நீர்ப்பாசனத்துக்கு வாங்கி மிஞ்சிய பி.வி.சி. குழாயைக் கொண்டு கம்ப்ரசருக்கும் கிணற்றுக்கும் இடையே காற்று வழி அமைப்பது பல தோட்டங்களில் காணும் வழக்கம். குழாயின் மேல் 6 கிலோ, 10 கிலோ என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்து, அது காற்றையும் தாங்கும் என்று எண்ணுகின்றனர். அந்த எண் நீருக்கு உரியது. அதுவும் குளிர்ந்த நீருக்கு உரியது. கம்ப்ரசரிலிருந்து வெளிவரும் காற்று தொட முடியாத சூட்டில் வருகிறது. 60 பாகை வெப்பத்தில் பி.வி.சி. குழாயின் தாங்கும் திறன் கால் பங்குக்கும் கீழே இறங்கிவிடும். மேலும் சித்திரை வெயிலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த குழாய் நொறுங்கும் தன்மையை அடைகிறது. கம்ப்ரசரிலிருந்து காற்றோடு வரும் எண்ணெயும் அதைக் கெடுக்கலாம்.

இவை யாவற்றினும் முக்கியமானது, பி.வி.சி. உடையும் விதமாகும். இரும்புக் குழாய் கிழியும், ரப்பர்க் குழாய் பிளக்கும், பி.வி.சி. குழாயோ கண்ணாடிபோலச் சிதறும். காற்றின் வேகத்தில் அதன் கூரிய சில்லுகள் கண்ணையும் கழுத்தையும் தாக்கும். குழாய் அன்று காலைவரை நன்றாகவே இருந்தது என்பது நாளை உடையாது என்பதற்கு உறுதியாகாது. தரைக்கு மேலே காற்று செல்லும் வழியில் பி.வி.சி. குழாயை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

ஆயின் எதைப் பயன்படுத்துவது? கம்ப்ரசரிலிருந்து கலம் வரையிலும், கலத்திலிருந்து முதல் சில மீட்டர் தூரமும் ஜி.ஐ. இரும்புக் குழாயே தக்கது. அதில் செல்லும்போது காற்றின் சூடு தணியும். அதற்கப்பால் காற்றுக்கென்றே செய்யப்பட்ட, உள்ளே நூல் நெய்த ரப்பர்க் குழாயை இடலாம். அதன்மேல் குறித்த அழுத்தம், கம்ப்ரசரின் உச்ச அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருத்தல் வேண்டும். தோட்டத்தின் குறுக்கே செல்லும் குழாயை மண்ணுக்குள் புதைப்பது நன்று. வெயிலும் படாது, ஏர்முனையும் படாது, பழுதுற்றாலும் மண் தாங்கிக்கொள்ளும்.

ரப்பர்க் குழாயின் இணைப்பைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டலாகாது. அளவான கிளிப்புகளைப் போட்டு இறுக்க வேண்டும். காற்று நிறைந்த குழாயின் நுனி கழன்றால், அது அடிபட்ட பாம்புபோலத் துள்ளி அங்குமிங்கும் அடிக்கும். அதன் நுனியிலுள்ள இரும்பு பட்டால் மண்டை உடையும். டிராக்டர் கம்ப்ரசரை வைத்து வேலை செய்வோர், இணைப்பின் இருபுறத்தையும் சேர்த்து ஒரு பாதுகாப்புக் கம்பிக் கயிற்றைப் பூட்டுதல் வேண்டும். கழன்ற குழாயை ஓடிப் பிடிக்க முயல்வது பேதைமை. முதலில் கலத்தின் வால்வை மூடுக.

ஐப்பசிக் கணக்கு

இனி, பலரும் கவனியாத ஒன்றைக் கூறுவோம். காற்றுக் குழாயில் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை முடிவு செய்வது கம்ப்ரசர் மட்டுமன்று. கிணற்று நீரும் அதை முடிவு செய்கிறது. குழாயின் நுனிக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு 10 மீட்டர் நீருக்கும், அதாவது 33 அடிக்கும், 1 கிலோ அழுத்தம் வேண்டும். அந்த நீரைத் தள்ளிய பிறகே காற்று வெளிவரும்.

ஓர் எடுத்துக்காட்டு. காற்றுக் குழாயின் நுனி தரைமட்டத்திலிருந்து 80 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கொள்வோம். சித்திரையில் நீர்மட்டம் 50 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. நுனிக்கு மேல் 30 மீட்டர் நீர். 3 கிலோ அழுத்தத்தில் கம்ப்ரசர் நீரேற்றத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்து, கார்த்திகையில் நீர்மட்டம் 10 மீட்டருக்கு உயர்ந்துவிட்டது. இப்போது நுனிக்கு மேல் 70 மீட்டர் நீர். அதே கம்ப்ரசர், அதே குழாய், அதே கட்டு. ஆனால் தொடங்கும்போது வேண்டிய அழுத்தம் 7 கிலோ!

கோடையில் தாங்கிய குழாய் மழைக்காலத்தில் உடைவதன் காரணம் இதுவே. இதினும் கொடியது ஒன்றுண்டு. அழுத்தம் மிகும்போது பாதுகாப்பு வால்வு தானே திறந்து காற்றை வெளியேற்றும். அது தன் கடமையைச் செய்கிறது. ஆனால் விவசாயி, "கோடை முழுதும் சரியாக இருந்த வால்வு இப்போது ஒழுகுகிறதே" என்று எண்ணி, அதை இறுக்கிவிடுகிறார். அல்லது ஆணியோ திருகோ கொண்டு அடைத்துவிடுகிறார். அந்தக் கணம் முதல் அக்கலம் ஒரு வெடிகுண்டாகும். மழைக்காலத்தில் வால்வு திறந்தால் செய்ய வேண்டியது, காற்றுக் குழாயின் நுனியை 20 அல்லது 30 மீட்டர் மேலே உயர்த்துவதுதான். நீர்மட்டம் மேலே இருக்கும்போது அத்தனை ஆழம் தேவையுமில்லை.

கலமும் அதன் நோயும்

காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. காற்றை அமுக்கிக் குளிரவிட்டால் அந்த ஈரம் நீராகிக் கலத்தின் அடியில் தங்கும். வெளியே பளபளப்பாகச் சாயம் பூசிய கலம், உள்ளே அடிப்பாகத்தில் துருப்பிடித்துத் தகடு மெலிந்து நிற்கக்கூடும். எனவே நாள்தோறும் வேலை முடிந்தபின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றுதல் வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் இதுவும் மறவாத அன்றாடக் கடமையாக வேண்டும்.

பழைய கலத்தை விலை மலிவென்று வாங்குவோர், அதை நீர்ச் சோதனைக்கு உட்படுத்தாமல் பயன்படுத்தலாகாது. கலத்தில் காற்றே இல்லாதபடி நீர் நிரப்பி, கைப்பம்பால் வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பதே இச்சோதனை. கலம் பழுதானதாக இருந்தால் நீர் கசியும்; யாருக்கும் தீங்கில்லை. அதே சோதனையைக் காற்றால் செய்தால், பழுது தெரியும்போதே சோதிப்பவரின் உயிரும் போகும். துருப்பிடித்த கலத்தின் துளையைப் பற்றவைத்து மூடுவதும் தவறு. ஓரிடத்தில் துளை விழுந்ததென்றால் அடிப்பாகம் முழுவதும் மெலிந்துவிட்டது என்று கொள்க.

கலத்துக்கும் பாதுகாப்பு வால்வுக்கும் இடையே வேறு எந்த வால்வும் இருத்தல் ஆகாது. பாதுகாப்பு வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். காற்று சீறி வந்து, விட்டவுடன் நின்றால் அது நலமாக உள்ளது. வராவிட்டால் அன்றே மாற்றுக.

கொட்டகைப் பட்டறையில்

டிராக்டரின் பெரிய பின்சக்கர டயருக்கு வயல் வேலையில் ஏறத்தாழ 1 கிலோ அழுத்தமே போதும். கலத்தில் இருப்பதோ 7 கிலோ. மானியில்லாமல், கையால் தட்டிப் பார்த்தே காற்றடிக்கும் வழக்கம் டயரை வெடிக்கச் செய்யும். அளவு மானியுடன், டயருக்கு நேரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று காற்றடிக்க வேண்டும்.

தூசி ஊதுவதற்கு 2 கிலோ அழுத்தமே போதும். அமெரிக்க நாட்டின் தொழிற்பாதுகாப்பு விதிகளும் துப்புரவுக்குரிய காற்று சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றே வரையறுக்கின்றன. இதற்கென ஓர் அழுத்தக் குறைப்பானைப் பொருத்திக்கொள்க. ஊதும்போது கண்ணாடி அணிக. பறந்து வரும் இரும்புத்தூள் கண்ணுக்குப் பகை.

உடம்பிலும் உடையிலும் படிந்த தூசியைக் காற்றால் ஊதிக்கொள்ளும் வழக்கத்தை அறவே விட்டொழிக்க வேண்டும். தோலிலுள்ள சிறு காயத்தின் வழியே காற்று உட்புகக்கூடும், செவிப்பறை கிழியக்கூடும். விளையாட்டாகச் சக தொழிலாளியின் உடலில் காற்றைச் செலுத்தி, குடல் கிழிந்து உயிரிழந்த கொடுமைகள் நம் நாட்டுத் தொழிற்கூடங்களில் நிகழ்ந்துள்ளன. விளையாடுவதற்குரிய பொருளன்று இது என்பதைப் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் அழுத்தமாகச் சொல்லி வைக்க வேண்டும். காற்றால் காயம்பட்டவருக்கு வெளியே சிறு புள்ளியே தெரிந்தாலும், 108 ஆம்புலன்சை அழைத்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புக.

மோட்டாரையும் கம்ப்ரசரையும் இணைக்கும் பெல்ட்டுக்குக் கம்பிவலைக் கூண்டு இன்றியமையாதது. முந்தானையோ, தோளில் கிடக்கும் துண்டோ, வேட்டி நுனியோ சிக்கினால் கை கால் இழப்பதற்கு ஒரு நொடி போதும். மோட்டாருக்குத் தரை இணைப்பு உண்டா என்பதையும் பார்த்துக்கொள்க. மற்றும் ஒன்று. கம்ப்ரசரின் எண்ணெய் காற்றோடு கலந்து நீரிலும் சேர்வதால், இவ்வாறு ஏற்றிய நீரைக் குடிப்பதற்குப் பயன்படுத்தாமல் பாசனத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனை கவனத்தால் பாதுகாப்பு மட்டுமன்றி இலாபமும் உண்டு. 3 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துளை, 7 கிலோ அழுத்தத்தில், 5 குதிரைத்திறன் கம்ப்ரசர் தரும் காற்று முழுவதையும் ஏறத்தாழ விழுங்கிவிடும். இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால், குமிழி வரும் இடம் கசிவைக் காட்டிக் கொடுக்கும். கசிவை அடைக்குமுன் மோட்டாரை நிறுத்திக் காற்றை முழுதும் வெளியேற்றிவிடுக. அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நில்லாதவரை எந்த இணைப்பின் மீதும் திருப்புளியை வைக்கலாகாது.

பஞ்சாயத்தின் கடமை

ஆய்வாளர் வராத இடத்தில் ஊரே ஆய்வாளராக வேண்டும். இதில் பஞ்சாயத்து உறுப்பினர்கள் செய்யத்தக்கன சில உள.

1. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 2 அன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. ஐப்பசி மழை தொடங்குமுன் வரும் நாள் அது. மழைக்காலத்தில் கம்ப்ரசர்க் குழாயில் அழுத்தம் ஏறும் என்பதையும், பாதுகாப்பு வால்வை அடைக்கலாகாது என்பதையும் அன்று எடுத்துரைக்கலாம்.

2. ஊரில் எத்தனை கொட்டகைகளில் கம்ப்ரசர் உள்ளது, அவற்றில் பி.வி.சி. காற்றுக் குழாய் எத்தனை என்று உறுப்பினர்கள் தத்தம் வார்டில் ஒரு கணக்கு எடுக்கலாம். குறை காண்பதற்காக அன்று, குழாயை மாற்றச் சொல்வதற்காக.

3. நீர்ச் சோதனைக்குரிய கைப்பம்பு ஒன்றை ஊர்ப் பொதுவில் வாங்கி வைத்தால், எல்லாக் கலங்களையும் முறைவைத்துச் சோதிக்கலாம்.

4. ஆழ்துளைக் கிணறு அமைக்க ஊராட்சியில் அனுமதி பெறுதல் வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதி. துளையிடும் வண்டியின் காற்றழுத்தம் கொட்டகைக் கம்ப்ரசரைப்போல் இருமடங்கும் அதற்கு மேலும் ஆகும். அனுமதி தரும்போதே, குழாய் இணைப்புகளுக்குப் பாதுகாப்புக் கயிறு உண்டா என்று கேட்பதும், வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை விலக்கி நிறுத்தச் சொல்வதும் நன்று.

5. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. அங்குள்ளோரையும் வேளாண்மைப் பொறியியல் துறையினரையும் அழைத்து, ஒரு தோட்டத்திலேயே செயல்முறை விளக்கம் நடத்துமாறு பஞ்சாயத்து வேண்டிக்கொள்ளலாம்.

சில மீட்டர் இரும்புக் குழாய், நான்கு கிளிப்புகள், ஒரு நல்ல வால்வு, ஒரு கம்பிவலைக் கூண்டு. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தின் விலையைச் சுற்றியே அமையும். பருத்தியும் மக்காச்சோளமும் வெங்காயமும் விளைய நீர் வேண்டும். அந்த நீரை மேலே கொண்டுவரக் காற்று வேண்டும். அந்தக் காற்று குடும்பத்தின் விளக்கை அணைத்துவிடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. இன்று மாலை மோட்டாரை நிறுத்தியபின் ஒரு முறை கொட்டகையைச் சுற்றிவந்து பாருங்கள். கலத்திலிருந்து புறப்படும் குழாய் எத்தகையது என்று தொட்டுப் பாருங்கள். அது நீருக்கென்று வாங்கிய குழாயானால், நாளைக் காலை மோட்டாரை ஓட்டுமுன் அதை மாற்றிவிடுங்கள்.